பென்சில் கோடு

பிப்ரவரி முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் மலை கிடந்தது,
நாலு வரைபடங்களாய், செலோடேப் ஒட்டுப் போட்டு.
மேற்கே கடல், கிழக்கே கடல்,
நடுவே ஸ்காட்லாந்தின் குறுக்கே பதின்மூன்று நாள் நடை.
உப்புக் குப்பி நிற்கும் இடம் எட்டாம் நாள்.

சிவப்பில் ஒரு கோடு: வெயிலுக்கு.
முகடு விட்டு முகடு,
தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே இறங்க மனமில்லாதது.
நீலத்தில் இன்னொன்று: மற்ற எல்லாவற்றுக்கும்.

ஓபன் படகுத்துறையில் எனக்கு வேலை.
"இன்று படகு இல்லை" பலகையை
வாரம் இருமுறை ஆணியில் மாட்டுகிறவள்.
வானத்தோடு வழக்காடிப் பழக்கமில்லை.
ஆகவே நீலத்தை ஒழுங்காகவே போட்டேன்:
பள்ளத்தாக்கின் அடி, மான் வேட்டைக்காரர் பாதை,
மின்நிலையக் குழாயின் ஓரம்,
ஊசியிலைத் தோப்பின் இருட்டில் ஐந்து கிலோமீட்டர்,
ஆற்றின் குறுக்கே பாலம்,
இரவுக்குப் பூட்டில்லாத கல்வீடு ஒன்று,
எலிகளுக்கும் எனக்கும் பொதுவாய்.

சரிபார்க்கிறவன் டோர்க்கில் ராட்ரே.
வயது இருபத்தெட்டாம். எனக்கு இது பன்னிரண்டாவது நடை.
ஈரக்கால் கொக்கு தாளில் நடந்தது போல் கையெழுத்து.
சிவப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எட்டாம் நாள் நீலத்தின் ஓரத்தில் மட்டும்:
"பாலம் இல்லையென்றால்?"

பாலம் இருக்கிறது தம்பி,
படத்திலேயே இருக்கிறது, இரண்டு சின்னக் கருங்கோடாய்.
எழுதி அனுப்பினேன்.
அஞ்சலில் திரும்பி வந்தது:
"படம் அச்சான பிறகு எத்தனை வெள்ளம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
மேலே போகப் போக ஆறு இரண்டாகிறது,
அந்த இரண்டும் இரண்டிரண்டாய்.
கடக்க முடியாத ஒன்றை
நாலு தவணையில் கடக்கலாம்,
மூன்று கிலோமீட்டர் ஏறச் சம்மதித்தால்.
அதைப் பென்சிலில் போட்டேன், அழுத்தாமல்,
பிறகு அழித்துவிடும் எண்ணத்தில்.

மே மாதம். ஏழாம் நாள் இரவு முழுக்க
யாரோ கம்பளம் உதறுவது போல் கூடாரத் துணி.
விடிந்தபோது முகடு இல்லை.
சிவப்பை மடித்து உள்ளே வைத்தேன்.
முழங்கால் வரை கரிச்சேறு,
பால் விடாத தேநீர் நிறத்தில் பாதையே ஓடுகிறது.

சத்தம்தான் முதலில் வந்தது,
தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் உருள்கிற சத்தம்.
பாலத்தில் மிச்சம் இக்கரையில் ஒரு தூண்,
தூணில் ஓர் அறிவிப்பு:
"ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும்."

சிரித்துவிட்டேன்.
சிரித்த வாயோடு ஒரு காலை வைத்தும் பார்த்தேன்.
ஊன்றுகோல் அதிர்ந்த அதிர்வு தோள்பட்டை வரை ஏறியது.
அக்கரை பதினைந்து எட்டுதான். கல்வீட்டின் கூரை தெரிகிறது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.
காலை எடுத்தேன்.

முதல் ஓடை இடுப்புக்குச் சற்றே கீழே.
இரண்டாவதில் கையுறை போயிற்று.
மூன்றாவது நினைவில் இல்லை.
நாலாவதை ஒரு செம்மறி
என்னைப் பார்த்துக்கொண்டே தாண்டிக் காட்டியது.
கல்வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பது, இன்னும் வெளிச்சம்,
கொதித்த நூடுல்ஸை உப்பில்லாமல் தின்றேன்.
உப்பு வீட்டு மேஜையில், எட்டாம் நாள்மேல் நிற்கிறது.

மறுநாள் ஊர்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து கூப்பிட்டேன்.
எடுத்தவள் மார்சலி.
"இஷ்பெல் லோகன். எட்டாம் நாள் முடிந்தது, பத்திரம்."
"சிவப்பா, நீலமா?"
"பென்சில்."

தட்டச்சு நின்றது.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.
"பாலம்?" என்றது, கொஞ்சம் தள்ளி, ஓர் இளங்குரல்.
"இல்லை," என்றேன்.
"ம்," என்றது.
சில்லறை தீர்ந்து போயிற்று.

வெளியே வந்தால் வெயில்.
நேற்று இல்லாத முகடு
ஒன்றும் தெரியாதது போல நிற்கிறது.